ஓங்கில் மீன் அன்று

நமது கடற்கரை ஊர்களில் வாழ்வோருக்கு ஓங்கில் புதிய பிராணி அன்று. விடியற்காலையில் படகு கரையைவிட்டு அகலும்போது, சற்றுத் தொலைவில் நான்கைந்து கரிய முதுகுகள் வளைந்து எழுந்து மறைவதைக் கண்டு பழகியவர்கள் அவர்கள். ஆங்கிலத்தில் டால்பின் என வழங்கும் இப்பிராணியைப்பற்றிச் சிறுவர் முதல் முதியோர் வரை எல்லாரிடமும் சொல்வதற்கு ஏதேனும் ஒரு செய்தி உண்டு. ஆயினும், “ஓங்கில் எவ்வகைப் பிராணி?” என்று வினவினால், “அதுவும் ஒரு பெரிய மீன்தானே!” என்ற விடையே பெரும்பாலும் கிடைக்கிறது.

கிராம வளர்ச்சிக்கென வெளிவரும் ஏட்டில் கடற்பிராணியைப்பற்றி எழுதுவானேன் என்று வாசகர் சிலர் கேட்கலாம். ஆயிரம் கிலோமீட்டருக்கும் மேலாக நீண்டு கிடக்கும் நமது கரையில், மீன்பிடித் தொழிலையே நம்பி வாழும் ஊராட்சிகள் பல உள. உழவன் தன் மண்ணையும் மாட்டையும் அறிந்திருப்பது எத்துணை இன்றியமையாததோ, கடலோடி தன் கடலையும் அதில் வாழும் உயிர்களையும் அறிந்திருப்பதும் அத்துணை இன்றியமையாதது. ஓங்கிலை மீன் என்று எண்ணிக் கொண்டிருக்கும் வரையில், அது வலையில் ஏன் மாள்கிறது என்பதும், மாண்ட ஒன்றுக்கு ஈடாக மற்றொன்று ஏன் விரைவில் தோன்றுவதில்லை என்பதும் நமக்கு விளங்கா. இவ்விரண்டையும் விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

மீனுக்கும் ஓங்கிலுக்கும் உள்ள வேற்றுமை

மீன் செவுள்களால் நீரிலுள்ள பிராணவாயுவைப் பிரித்து எடுத்துக்கொள்கிறது. ஓங்கிலுக்குச் செவுள் கிடையாது. நமக்கு இருப்பதுபோல் நுரையீரலே உண்டு. அதன் நாசித்துளை தலையுச்சியில் அமைந்துள்ளது. நீர்மட்டத்திற்கு வந்து அத்துளையைத் திறந்து காற்றை வெளிவிட்டு, புதுக்காற்றை இழுத்து, துளையை மூடிக்கொண்டு மீண்டும் அமிழ்கிறது.

வாலைப் பார்த்தே இரண்டையும் வேறுபடுத்தலாம். மீனின் வால் செங்குத்தாக நிற்கும். இடமும் வலமுமாக அசையும். ஓங்கிலின் வால் படுக்கையாக விரிந்திருக்கும். மேலும் கீழுமாக அசையும். பெரும்பாலான மீன்களின் உடல் கடல்நீரின் வெப்பத்தையே பெற்றிருக்கும். ஓங்கிலின் உடலோ வெப்பக் குருதி ஓடுவது. மனித உடலைப்போல் ஏறத்தாழ 37 டிகிரி வெப்பத்தில் எப்போதும் இருப்பது. அவ்வெப்பம் நீரில் கரைந்து போகாதபடி தோலுக்கடியில் கொழுப்புப் படலம் ஒன்று போர்வைபோல் காக்கிறது. எல்லாவற்றுக்கும் மேலாக, அது முட்டையிடுவதில்லை; குட்டி போட்டுப் பால் கொடுக்கிறது. ஆகவே, உயிர்நூலார் அதனைப் பசு, குதிரை, மனிதன் ஆகியோர் அடங்கிய பாலூட்டி வகுப்பில் சேர்த்துள்ளனர்.

நிலத்திலிருந்து கடலுக்கு

பாலூட்டியொன்று கடலுக்குள் எவ்வாறு குடியேறியது? இதற்கு விடையளிக்கும் சான்றுகள் நமது துணைக்கண்டத்திலேயே கிடைத்திருப்பது பெருமைக்குரியது. ஓங்கிலின் முன்னோர் குளம்புள்ள நிலப்பிராணிகள் ஆவர். ஏறத்தாழ 5 கோடி ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்த அவற்றின் எலும்புகள் பாகிஸ்தானிலும் காஷ்மீரப் பகுதியிலும் பாறைகளில் பதிந்து கிடைக்கின்றன. இந்திய நிலவியலார் ஏ. ரங்கராவ் ஜம்மு காஷ்மீரத்தின் காலாக்கோட் பகுதியில் திரட்டிவைத்த பாறைகளிலிருந்து, இண்டோஹையஸ் என்ற சிறு பிராணியின் எலும்புகள் பின்னாளில் பிரித்தெடுக்கப்பட்டன. ஆட்டுக்குட்டியைவிடச் சிறிய அப்பிராணி ஓடைகளில் நடந்து திரிந்தது என்றும், அதன் காதெலும்பு திமிங்கிலத்தின் காதெலும்பை ஒத்திருக்கிறது என்றும் 2007ஆம் ஆண்டு வெளிவந்த ஆராய்ச்சி காட்டிற்று.

இன்று நிலத்தில் உள்ளவற்றுள் ஓங்கிலுக்கு நெருங்கிய உறவு நீர்யானையே. பழைய வாழ்வின் தடயங்கள் ஓங்கிலின் உடலில் இன்னும் மறையவில்லை. அதன் பக்கத்துடுப்பை அறுத்துப் பார்த்தால், தோள், முழங்கை, மணிக்கட்டு, விரல்கள் ஆகியவற்றின் எலும்புகள் வரிசையாக இருக்கும். கருவில் வளரும் ஓங்கிலுக்குப் பின்னங்கால் மொட்டுகள் முதலில் அரும்பிப் பின்னர் மறைந்துவிடுகின்றன. கடலுக்குச் சென்ற அப்பிராணி காலை இழந்தது, துடுப்பைப் பெற்றது. ஆனால் காற்றைச் சுவாசிக்க வேண்டிய கட்டாயத்தை மட்டும் அதனால் விட்டொழிக்க முடியவில்லை. அதன் வாழ்வின் சிறப்பும் துன்பமும் இந்த ஒன்றிலிருந்தே பிறக்கின்றன.

மூச்சும் உறக்கமும்

நாம் இயல்பாக மூச்சுவிடும்போது நுரையீரலிலுள்ள காற்றில் பத்தில் ஒரு பங்கு அளவே மாறுகிறது. ஓங்கில் ஒரே மூச்சில் ஐந்தில் நான்கு பங்கு காற்றை மாற்றிவிடும். நீருக்குள் செல்லும்போது அதன் இதயத் துடிப்பு குறைகிறது. தசைகளிலும் குருதியிலும் தேக்கிவைத்த பிராணவாயுவைச் சிக்கனமாகச் செலவிடுகிறது. இத்தனை வசதிகள் இருந்தும், கரையோர ஓங்கில்கள் சில நிமிடங்களுக்கு ஒருமுறை மேலே வந்தே தீரவேண்டும். வாய்வழியாகச் சுவாசிக்கும் வசதியும் அதற்கு இல்லை. அதன் மூச்சுக்குழல் தலையுச்சித் துளையோடு மட்டுமே இணைந்துள்ளது.

மற்றொரு வியப்பும் உண்டு. நாம் உறங்கும்போது மூச்சு தானே நடைபெறுகிறது. ஓங்கிலோ தானே நினைந்து மூச்சுவிட வேண்டிய பிராணி. நம்மைப்போல் அயர்ந்து உறங்கினால் அது நீரில் மூழ்கி இறக்க நேரிடும். ஆகவே அதன் மூளையின் இரு பாதிகளும் முறைவைத்து உறங்குகின்றன. ஒரு பாதி உறங்கும்போது மற்றைய பாதி விழித்திருந்து, உடலை மேலே கொணர்ந்து மூச்சுவிடச் செய்கிறது. ஒரு கண் மூடியும் ஒரு கண் திறந்தும் அது மெல்ல நீந்திக்கொண்டிருக்கும். இரவுக் காவலை இருவர் பங்கிட்டுக்கொள்வது போன்றது இவ்வேற்பாடு.

காதால் காணும் பிராணி

கடல்நீர் கலங்கியிருக்கும்போதும் இரவிலும் கண்ணால் பயனில்லை. நீரில் ஒலி நொடிக்கு ஏறத்தாழ 1,500 மீட்டர் செல்லும். காற்றில் செல்வதைப்போல் இது நான்கு மடங்குக்கும் மேல். இயற்கையின் இந்த நியதியை ஓங்கில் நன்கு பயன்படுத்திக்கொள்கிறது. நாசிக்குழலுக்குள் சொடுக்கொலிகளை எழுப்பி, நெற்றியிலுள்ள கொழுப்புத் திரளின் வழியே அவற்றைக் கைவிளக்கின் ஒளிபோல் குவித்து முன்னே அனுப்புகிறது. அவ்வொலி மீன் மீதோ பாறை மீதோ பட்டுத் திரும்புகிறது. திரும்பும் எதிரொலியைக் கீழ்த்தாடையில் உள்ள கொழுப்பு வாங்கி உட்செவிக்குச் சேர்க்கிறது. எதிரொலி வரும் நேரத்தையும் தன்மையையும் கொண்டு, எதிரே இருப்பது என்ன, எவ்வளவு தொலைவு என்பவற்றை ஓங்கில் அறிந்துகொள்கிறது. இச்சொடுக்குகளில் பெரும்பகுதி மனிதச் செவிக்கு எட்டாத மிக நுண்ணிய ஒலியாகும்.

இதன் ஆற்றலை உணரக் கங்கையாற்றில் வாழும் ஓங்கிலைப் பார்த்தால் போதும். அதன் கண்ணில் வில்லையே இல்லை. ஒளி இருக்கிறதா இல்லையா என்பதை மட்டும் அறியவல்ல அப்பிராணி, வண்டல் கலங்கிய வெள்ளத்தில் ஒலியைக்கொண்டே இரைதேடி வாழ்கிறது. 2009ஆம் ஆண்டில் அதனை இந்தியாவின் தேசிய நீர்வாழ் பிராணியாக அரசு அறிவித்தது. 2025இல் வெளியிடப்பட்ட கணக்கெடுப்பின்படி நமது நாட்டின் ஆறுகளில் 6,327 ஓங்கில்கள் உள்ளன. அவற்றுள் மூன்று மட்டும் சிந்து நதி இனத்தைச் சேர்ந்தவை.

கூட்ட வாழ்க்கை

ஓங்கில் தனித்து வாழ விரும்பாத பிராணி. ஒவ்வொரு புட்டிமூக்கு ஓங்கிலும் தனக்கென ஒரு சீழ்க்கையைக் குட்டிப் பருவத்திலேயே அமைத்துக்கொள்கிறது. அதே சீழ்க்கையைப் பிறர் எழுப்பினால், பெயர்சொல்லி அழைக்கப்பட்டவர்போல் அது மறுமொழி கொடுக்கிறது. தாயும் குட்டியும் பிரிய நேர்ந்தால் இச்சீழ்க்கையால்தான் ஒன்றையொன்று தேடிக்கொள்கின்றன. கூட்டமாகச் சூழ்ந்து மீன்திரளை நெருக்கிப் பிடிப்பதும் உண்டு. நோயுற்ற துணையை நீர்மட்டத்தில் தாங்கிநின்று மூச்சுவிட உதவுவதையும் ஆராய்ச்சியாளர் கண்டிருக்கின்றனர்.

இப்பாசம் சில வேளைகளில் கூட்டம் முழுவதற்கும் கேடாக முடிகிறது. 2016 ஜனவரியில் திருச்செந்தூருக்கும் மணப்பாட்டுக்கும் இடைப்பட்ட கரையில், ஓங்கில் குடும்பத்தைச் சேர்ந்த குட்டைத்துடுப்புத் திமிங்கிலங்கள் ஏறத்தாழ 80 ஒதுங்கின. மீனவரும் அதிகாரிகளும் கூடி அவற்றைப் படகில் கட்டி ஆழக்கடலுக்கு இழுத்துச் சென்று விட்டனர். அவற்றுள் பல மீண்டும் கரைக்கே திரும்பின. நாற்பதுக்கும் மேற்பட்டவை மாண்டன. இதே கரையில் 1973 ஜனவரியிலும் 147 திமிங்கிலங்கள் ஒதுங்கியதுண்டு. கூட்டத்தில் சில கரையில் கிடந்து கதறும்போது, மற்றவை அவற்றை விட்டுப் பிரிவது அரிது என்பதே இத்தகைய நிகழ்ச்சிகளுக்கு அறிஞர் கூறும் விளக்கங்களுள் முக்கியமானது.

ஓர் ஈற்றுக்கு ஒரு குட்டி

இனி, நாம் ஊன்றிக் கவனிக்கவேண்டிய பகுதிக்கு வருவோம். புட்டிமூக்கு ஓங்கில் ஏறத்தாழ 12 மாதங்கள் சினையாக இருக்கும். ஓர் ஈற்றுக்கு ஒரே குட்டி. குட்டி பெரும்பாலும் வால் முன்னும் தலை பின்னுமாகப் பிறக்கும். பிறந்ததும் அது முதலில் செய்யவேண்டுவது, மேலே வந்து மூச்சுவிடுதலே. தாயின் பாலில் பசும்பாலைவிடப் பன்மடங்கு கொழுப்பு உண்டு. குட்டி ஒன்றரை ஆண்டுக்கும் மேலாகப் பால் குடிக்கும். மூன்று ஆண்டுகளுக்கு மேல் தாயுடனேயே திரிந்து, எங்கே எப்படி மீன்பிடிப்பது என்பதைக் கற்றுக்கொள்ளும். ஆதலால் ஒரு தாய் அடுத்த குட்டியை ஈன மூன்று முதல் ஆறு ஆண்டுகள் ஆகின்றன.

அமெரிக்காவின் புளோரிடா மாநிலத்தில் சாரசோட்டா விரிகுடாவில் 1970 முதல் இடைவிடாது ஓங்கில்களைக் கவனித்து வருகின்றனர். ஒவ்வொன்றின் முதுகுத்துடுப்பிலும் உள்ள வடுக்களைக் கொண்டு தாய், மகள், பேத்தி என அடையாளம் கண்டு குறித்து வைத்துள்ளனர். அறுபது வயதைக் கடந்த பெண் ஓங்கில்களும் அங்கே இருந்திருக்கின்றன.

இதனை ஒரு கணக்காகப் போட்டுப் பார்ப்போம். ஒரு பெண் ஓங்கில் தன் பத்தாவது வயதில் முதல் குட்டி ஈன்று, நான்கு ஆண்டுகளுக்கு ஒருமுறையாக நாற்பது வயது வரையில் ஈன்று வந்தது என்று கொள்வோம். மொத்தம் எட்டுக் குட்டிகள். இளமையில் நோயாலும் சுறாக்களாலும் இறப்பவை போக ஐந்து மிஞ்சும் என்று வைத்துக்கொண்டால், அவற்றுள் பெண் இரண்டோ மூன்றோ இருக்கும். முப்பது ஆண்டுகளின் வரவு இவ்வளவே. மத்தியோ அயிலையோ ஒரு பருவத்திலேயே ஆயிரமாயிரமாக முட்டையிடுகிறது. ஓராண்டின் குறையை நல்ல மழைக்காலம் ஒன்று ஈடுசெய்துவிடலாம். ஓங்கிலின் கணக்கு கறவை மாட்டின் கணக்கைவிட இறுக்கமானது. வலையில் ஒரு தாய் மாண்டால், அதனோடு பால்குடிக்கும் குட்டியும் போகிறது. பின்வரும் ஈற்றுகளும் போகின்றன.

இவ்வாறு சிறுகச்சிறுகக் குறைந்து ஓர் இனமே அற்றுப்போனதற்குச் சீனத்தின் யாங்சி ஆறு சான்றாகும். அவ்வாற்றில் பாய்ஜி என்னும் ஓங்கில் வாழ்ந்து வந்தது. 2006ஆம் ஆண்டில் பல நாட்டு ஆராய்ச்சியாளர் ஆறு வாரங்கள் ஆற்றைத் துருவித் தேடியும் ஒன்றுகூட அகப்படவில்லை. அதனை வேண்டுமென்று கொன்றவர் சிலரே. வேறு மீனுக்காக விரிக்கப்பட்ட தூண்டில்களிலும் வலைகளிலும் சிக்கி மாண்டவையே மிகுதி.

நமது கடலும் நமது வலையும்

மன்னார் வளைகுடாவிலும் பாக் நீரிணையிலும் சோழமண்டலக் கரையிலும் பலவகை ஓங்கில்கள் உள்ளன. கரையோரமாகத் திரிவது புட்டிமூக்கு ஓங்கில். முதுகில் திமில் போன்ற மேட்டின்மீது சிறு துடுப்புடையது கூனல் ஓங்கில். ஆழமற்ற நீரையும் கழிமுகங்களையும் நாடுவதால் இது வலையில் சிக்கும் வாய்ப்பு அதிகம். உலக அளவில் அழிவுக்கு உள்ளாகும் நிலையிலுள்ள இனமாக எண்ணப்படுவது. ஆழக்கடலில் துள்ளி எழுந்து பம்பரம்போல் சுழல்வது சுழல் ஓங்கில். முதுகுத்துடுப்பே இல்லாத கடற்பன்றி என்னும் உறவினமும் உண்டு.

செவுள் வலை நீரில் திரைபோல் நிற்கும். மெல்லிய நைலான் நூலிலிருந்து எதிரொலி மிகக் குறைவாகவே எழும். மீனைத் துரத்திவரும் ஓங்கில் அதை உணர்வதற்குள் வாலோ துடுப்போ கண்ணியில் மாட்டிக்கொள்ளும். மீனானால் செவுள் இயங்குமளவும் உயிருடனிருக்கும். ஓங்கிலோ சில நிமிடங்களில் மேலே வந்தாக வேண்டும். வரமுடியாமல் மூச்சடைத்து இறந்துவிடும். அறுந்து கடலில் விடப்பட்ட நைலான் வலையால் விளையும் தீங்கு இன்னும் பெரிது. பழைய பருத்தி வலை சில காலத்தில் மக்கிப்போகும். நைலான் வலை யாருக்கும் பயனின்றிப் பல ஆண்டுகள் கொன்றுகொண்டே இருக்கும்.

மீனவரின் பக்கமும் எண்ணத்தக்கதே. ஓங்கில் வலையைக் கிழிக்கிறது, பட்ட மீனைப் பிடுங்கித் தின்கிறது என்ற முறையீடு பொய்யன்று. கடன் வாங்கி வாங்கிய வலையை ஒரு பிராணிக்காக அறுக்கச் சொல்வது எளிது. அறுப்பவரின் இழப்பை யார் ஏற்பது என்ற கேள்விக்கும் விடை வேண்டும். மகாராஷ்டிர அரசு, பாதுகாக்கப்பட்ட கடற்பிராணிகளை விடுவிக்க வலையை அறுத்த மீனவர்க்கு 25,000 ரூபாய் வரை இழப்பீடு வழங்கும் திட்டத்தை 2018இல் தொடங்கியது. நமது மாநிலத்தில், வலையில் சிக்கிய கடற்பசுவை உயிருடன் விடுவித்த மீனவர்களை வனத்துறை பாராட்டி வெகுமதி அளித்திருக்கிறது. பாக் விரிகுடாவில் 448 சதுர கிலோமீட்டர் பரப்பில் கடற்பசுப் பாதுகாப்பகமும் 2022இல் அறிவிக்கப்பட்டது. இவ்வழியில் இன்னும் செல்லவேண்டிய தொலைவு உண்டு.

ஓங்கிலும் மீனவரும் இணங்கி வாழ்தல் இயலாத காரியமன்று. தென் அமெரிக்காவில் பிரேசில் நாட்டின் லகூனா என்ற ஊரில், நூறாண்டுக்கும் மேலாக ஓங்கில்கள் மடவை மீன்திரளைக் கரைப்பக்கமாக ஓட்டி வருகின்றன. முழங்கால் முதல் மார்பளவு நீரில் நிற்கும் மீனவர் ஓங்கிலின் அசைவைக் குறியாகக் கொண்டு வீச்சுவலையை எறிகின்றனர். சிதறும் மீனை ஓங்கில் பிடிக்கிறது. இரு சாராருக்கும் ஆதாயம். தந்தையிடமிருந்து மகன் கற்பதுபோல், தாயிடமிருந்து குட்டியும் இவ்வழக்கத்தைக் கற்கிறது.

ஊர்கள் செய்யத்தக்கவை

முதலாவதாக, வலை விரித்துவிட்டு நெடுநேரம் அகன்று செல்லாமல் அவ்வப்போது பார்த்துவருதல் நன்று. ஓங்கில் சிக்கியது தெரிந்தால், அதன் தலையுச்சியை நீருக்கு மேல் தூக்கிப் பிடித்து, மூச்சுவிடச் செய்த பின்னரே கண்ணியை அறுக்க வேண்டும். வாலைக் கட்டி இழுத்தல் ஆகாது.

இரண்டாவதாக, உயிருள்ள ஓங்கில் கரையொதுங்கினால் உடனே வனத்துறைக்கும் மீன்வளத்துறைக்கும் செய்தி அனுப்ப வேண்டும். அவர்கள் வருமளவும் அதனை வயிறு கீழாக நிமிர்த்தி வைத்து, மேலே நிழல் அமைத்து, ஈரத்துணி போர்த்தி நீர் தெளிக்கலாம். நாசித்துளையைத் துணியால் மூடுதலும் அதில் நீர் ஊற்றுதலும் அதனைக் கொல்வதற்கு ஒப்பாகும். கூட்டத்தை விலக்கி அமைதி காக்க வேண்டும். பல ஒன்றாக ஒதுங்கினால், ஒவ்வொன்றாக இழுத்து விடுவதற்குமுன் கால்நடை மருத்துவரின் ஆலோசனையைப் பெறுதல் நலம்.

மூன்றாவதாக, இறந்து ஒதுங்கியதை யாரும் உண்ணலாகாது. அதன் நோய் மனிதருக்கும் பற்றக்கூடும். 1972ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி ஓங்கிலை வேட்டையாடுவதும் அதன் இறைச்சியை விற்பதும் சிறைத்தண்டனைக்குரிய குற்றங்களாகும். அதிகாரிகள் பார்வையிட்ட பின் ஆழப் புதைப்பதே முறை.

நான்காவதாக, கிழிந்த நைலான் வலைகளைக் கடலில் எறியாமல் கரைக்குக் கொண்டுவர வேண்டும். அவற்றைச் சேர்த்துவைக்க ஊராட்சி ஓர் இடம் ஒதுக்கலாம். மீனவர் கூட்டுறவுச் சங்கமும் மகளிர் சுய உதவிக் குழுக்களும் பிரித்தெடுத்து விற்க ஏற்பாடு செய்யலாம்.

ஐந்தாவதாக, கடற்கரைப் பள்ளிகளில் மாணவர் ஓங்கிலைக் கண்ட நாள், இடம், எண்ணிக்கை, குட்டி இருந்ததா என்பவற்றை ஒரு குறிப்பேட்டில் எழுதி வரலாம். நாளும் கடலுக்குச் செல்லும் தந்தையரைக் கேட்டே இவற்றை எழுதிவிடலாம். சில ஆண்டுகள் தொடர்ந்தால் அக்குறிப்பேடு ஆராய்ச்சியாளர்க்கும் உதவும்.

கடல் பெரிது, ஆனால் அதிலுள்ள ஒவ்வொரு தாய் ஓங்கிலும் நான்காண்டுக்கு ஒரு குட்டியையே அதற்குத் தருகிறது. இக்கணக்கை அறிந்த கடலோடி, வலையில் துடிக்கும் பிராணியை அடுத்த முறை காணும்போது, அதற்கு வேண்டுவது ஒரு மூச்சுக் காற்று என்பதை முதலில் நினைவுகூர்வான். அந்த ஒரு மூச்சை அதற்கு அளிக்கும் அறிவை ஒவ்வொரு கடற்கரை ஊரிலும் பரப்புவது ஊராட்சி, பள்ளி, கூட்டுறவுச் சங்கம் ஆகிய அனைத்தின் பொறுப்பாகும்.